ஓநாய் மேல ஏறி வர்ற அரக்கர் படை: நாகமலைப் பக்கம் எடுபடுமா?

செல்லூர்க்காரன் | சனி, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாசமா ஒரு மாயக்கதை எழுதிக்கிட்டிருக்கேன்னு இங்கன ஏற்கெனவே புலம்பியிருக்கேன். பகல்ல ஜெராக்ஸ் கடை, ராத்திரி கதை. ஒன்பதாவது அத்தியாயத்துல வண்டி சகதியில மாட்டிக்கிருச்சு.

நாகமலை முதுகு மேல தீப்பந்தம் வரிசையாத் தெரியுது. ஊர்க்காவல்காரன் எண்ணிப் பாக்கிறான், முந்நூறு. கிட்ட வரவரத்தான் தெரியுது, பந்தம் பிடிச்சிருக்கிறவன் மனுசன் இல்ல. ஏழடி உயரம், கீழ்த்தாடையில இருந்து மேல வளைஞ்ச கோரைப்பல்லு. ஏறி உட்கார்ந்திருக்கிறது ஓநாய். எழுதுறப்ப எனக்கே புல்லரிச்சது.

நேத்து அக்கா மகன்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஏழாம் வகுப்பு படிக்கிறான். முழுசாக் கேட்டுட்டு, "ஓநாய்னா நம்ம தெரு நாய் மாதிரிதான மாமா? குனிஞ்சு ஒரு கல்லை எடுத்தா ஓடிரும்ல?"ன்னான். அம்புட்டுத்தான், முந்நூறு பேர் படையும் காலி.

இந்தப் படையப் பயமா எழுதுறது எப்படி? இன்னொண்ணு, இவங்களுக்குத் தமிழ்ல என்ன பேரு வெக்கிறது? 'ஓநாய்ச் சவாரி வீரர்கள்'னு எழுதினா சர்க்கஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு.

ஜிகர்தண்டா | சனி, இரவு 10:50

முதல் காட்சிக்கு எனக்கு ரெண்டு டிக்கெட் போட்டு வைங்க.

தாயக்கட்டை | சனி, இரவு 11:15

தம்பி, நான் ஞாயித்துக்கிழமை தோறும் மொட்டை மாடியில பசங்களுக்கு இருபது முகத் தாயம் உருட்டுற மாய விளையாட்டு நடத்துறவன். ஓநாய்ப்படைய குறைஞ்சது நாப்பது தடவ இறக்கியிருப்பேன். நாப்பது தடவையும் பசங்க கொட்டாவிதான் விட்டாங்க. ஏன்னு யோசிச்சு யோசிச்சு ஒண்ணு கண்டுபிடிச்சேன்.

இப்ப நாம பாக்கிற வடிவத்துக்கு மூலம் டோல்கீன்ங்கிற இங்கிலீஷ் எழுத்தாளர். 1937-ல வந்த அவரோட 'ஹாபிட்' நாவல்லயே கோப்ளின்கள், அதாவது குட்டி அரக்கர்கள், ஓநாய் மேல ஏறி வரும். அந்த ஓநாய்களுக்கு அவர் வெச்ச பேரு வார்க். பழைய நார்ஸ் மொழியில 'வர்கர்'னு ஒரு சொல்லு உண்டு. ஓநாய்க்கும் அதே சொல்லுதான், ஊரை விட்டுத் தள்ளிவெச்ச குற்றவாளிக்கும் அதே சொல்லுதான். ஊருக்குள்ள சேர்க்க முடியாத ரெண்டும் ஒரே பேருக்குள்ள.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தக் கதையில வார்க் வாகனம் இல்ல, கூட்டாளி. அதுக்குன்னு ஒரு மொழி இருக்கு. காட்டுக்குள்ள வட்டமா உட்கார்ந்து கூட்டம் போடும். கோப்ளின்களோட சேர்ந்து கொள்ளைக்குத் திட்டம் போட்டு, கிடைச்சதப் பங்கு போட்டுக்கும். பின்னாடி வந்தவங்கதான் அத வெறும் குதிரையாக்கிட்டாங்க. 2002-ல வந்த வார்கிராஃப்ட்ங்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு மூணாம் பாகத்துல ஓநாய் மேல வர்ற ஓர்க்ங்கிற அரக்க வீரன் வலை வீசி, பறக்கிறதைக்கூடத் தரைக்கு இழுத்துப் போடுவான். விளையாட ஜோராத்தான் இருக்கும். ஆனா அந்த ஓநாய்க்குன்னு ஒரு யோசனை கிடையாது. அதே வருசம் டிசம்பர்ல டோல்கீனோட 'தி டூ டவர்ஸ்' நாவலை வெச்சு வந்த படத்துல மலைச்சரிவுல பெரிய ஓநாய்ச் சண்டை வருமே, அது நாவல்ல இல்லாத சண்டை. அந்த மிருகமும் ஓநாயவிடக் கழுதைப்புலிக்குத்தான் நெருக்கமான சாடை.

உங்க மருமகன் சொன்னது சரி. நீங்க எழுதினது ஓநாய் இல்ல, முடி முளைச்ச பைக்கு.

செல்லூர்க்காரன் | சனி, இரவு 11:21

முடி முளைச்ச பைக்கு. இதக் கேட்டுட்டு எப்படிண்ணே தூங்குறது?

மாட்டுடாக்டர் | ஞாயிறு, காலை 6:05

நான் கால்நடை மருத்துவர். கதை படிக்கிற பழக்கம் கம்மி. ஆனா 'ஏழடி ஆளு ஓநாய் மேல'ன்னு பாத்ததும் கை அரிக்குது, மன்னிக்கணும்.

நம்ம நாட்டு ஓநாய் சுமார் இருபது கிலோ. நல்லா வளர்ந்த ராஜபாளையம் நாய் பக்கத்துல நின்னா இது சோப்ளாங்கியாத் தெரியும். வடக்க, பனிப்பிரதேசத்துல இருக்கிற பெரிய ஓநாய் அறுபது, எழுபது கிலோ வரலாம். அமெரிக்கக் கண்டத்துல வாழ்ந்து பத்துப் பன்னிரண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி அழிஞ்சுபோன டைர் ஓநாய்னு ஒண்ணு, கதைக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சது, அதுவும் கிட்டத்தட்ட அதே எடைதான். 2021-ல அதோட மரபணுவப் பாத்தவங்க, இது ஓநாய்க்கு நெருங்கின சொந்தமே இல்லன்னு சொல்லித் தனிப் பேரினத்துல வெச்சுட்டாங்க.

குதிரை தன் எடையில அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் சிரமமில்லாமச் சுமக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. உங்க வீரன் ஆயுதத்தோட 120 கிலோன்னு வைங்க. அப்ப ஓநாய் 600 கிலோ இருக்கணும். புலிக்குளம் காளையவிடப் பெரிய ஓநாய். சரி, மந்திரம் போட்டுப் பெரிசாக்கிட்டீங்கன்னே வைப்போம். அடுத்த சிக்கல் முதுகு. நாய் இனம் பாய்ஞ்சு ஓடுறப்ப முதுகெலும்பு வில்லு மாதிரி வளைஞ்சு நிமிரும், அந்த வேகமே முதுகுலருந்துதான் வருது. குதிரை முதுகு அவ்வளவு வளையாது, அதனாலதான் சேணம் நிக்குது. ஓநாய் மேல உட்கார்ந்தவன் நாலு பாய்ச்சல்ல பல்லு உதிர்ந்து போவான், கோரைப்பல்லா இருந்தாலும் சரி.

மூணாவது, சாப்பாடு. குதிரைய எங்க அவுத்துவிட்டாலும் புல்லைக் கடிச்சுக்கிரும். 600 கிலோ ஓநாய்க்குக் கஞ்சத்தனமாக் கணக்குப் போட்டாலும் நாளைக்கு இருபது கிலோ கறி வேணும். ஒரு நடுத்தர வெள்ளாட்டுல கழிவு போக பத்துக் கிலோ தேறும். ஓநாய்க்கு ரெண்டு ஆடு, முந்நூறுக்கு அறுநூறு ஆடு. ஒரே நாளைக்கு. படையெடுத்து வர்ற வழியெல்லாம் ஆட்டுச்சந்தை போட்டாத்தான் முடியும்.

வெயில் வேற. குதிரைக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய் இனத்துக்கு வாயத் திறந்து இளைக்கிறதுதான் வழி. அக்னி நட்சத்திரத்துல படைய இறக்கினீங்கன்னா நாக்கத் தொங்கப்போட்டு வைகை மணல்லயே படுத்துக்கிரும், ஏறி வந்தவன்தான் விசிறணும்.

கிடையாட்டுக்காரன் | ஞாயிறு, காலை 8:30

டாக்டர் சார் கணக்கப் பாத்தா சிரிப்பும் வருது, வயித்தெரிச்சலும் வருது. எங்க கிடை மொத்தமே நானூறு உருப்படிதான், ஒரு ராத்திரிக்கே பத்தாது போல.

தம்பி, நெசமாப் பயம்னா என்னன்னு நான் சொல்றேன். மேலூர்ப் பக்கம் அறுத்த வயல்ல கிடை போட்டிருந்தோம். பங்குனி மாசம், நிலா இல்ல. குட்டிகள ஓலைக்கூட்டுக்குள்ள கவுத்து மூடியாச்சு. நான் கயித்துக் கட்டில்ல. ஆடுக படுத்து அசை போடுறப்ப ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், பழகினவனுக்கு அதுதான் தாலாட்டு. நடுராத்திரியில அந்தச் சத்தம் நின்னுச்சு. நானூறு வாயும் ஒண்ணா நின்னுச்சு. அந்த அமைதியிலதான் முழிச்சேன். பூராம் எந்திரிச்சு ஒரே திக்கப் பாத்து நிக்கிது. எங்க கோம்பை நாய் காத்தடிச்சாக்கூட குரைக்கிறது. அன்னிக்குக் குரைக்கல. கட்டிலுக்கு அடியில வந்து என் கெண்டைக்கால்ல முதுக ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அது நடுங்குறது என் கால்ல தெரிஞ்சது.

வந்தது என்னன்னு கடைசி வரைக்கும் தெரியல. விடிஞ்சு பாத்தா வரப்பு ஈரத்துல தடம், நாயோ நரியோ. ஒரு குட்டிகூடக் குறையல. ஆனா அடுத்த மூணு ராத்திரி நான் கண்ண மூடல.

ஊளை விடுற நரிக்கு நாங்க பயப்படுறதில்ல. ஊளை விட்டா எங்கிட்டு நிக்கிதுன்னு தெரிஞ்சு போச்சே. உங்க கதையில முந்நூறு பந்தம் எதுக்கு? எவனாச்சும் பந்தம் பிடிச்சுக்கிட்டு ஆடு தூக்க வருவானா?

செல்லூர்க்காரன் | ஞாயிறு, காலை 9:02

அண்ணே, கடைக்கு வந்து ஷட்டரத் தூக்குற நேரத்துல படிச்சேன். பந்தத்த அணைச்சுட்டேன்.

பனங்காட்டு நரி | ஞாயிறு, காலை 11:40

எல்லாரும் சுத்திச் சுத்தி ஓநாயவே பேசுறீங்க. நான் ஒண்ணு கேட்கிறேன். மதுரையச் சுத்தி இருக்கிற கிராமத்துல ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவாங்க? குளம்புச் சத்தத்துக்கு. வெள்ளைக் குதிரை, சலங்கை, சுருட்டு வாசம். எங்க அப்பத்தா அந்த நேரத்துல யாரையும் வாசல் தாண்ட விடாது. "வேட்டைக்குப் போறார், குறுக்க போகாத"ங்கும். போறது கருப்பனா முனியான்னு கேட்டா வாயிலயே போடும்.

ராத்திரியில மிருகத்து மேல ஏறி, கண்ணு பிதுங்க, மீசை முறுக்கி, அருவாளோட வர்ற உருவம் நமக்கு எதிரி இல்ல, காவக்காரன். அய்யனார் கோயில் வாசல்ல மண்குதிரை மேல உட்கார்ந்திருக்கிற உருவத்த ஒரு வெளிநாட்டுக்காரன்கிட்டக் காட்டுங்க, அரக்கர் படைத் தளபதின்னுதான் சொல்வான். நாம செருப்பக் கழட்டிட்டுக் கும்பிடுறோம். அதனால உங்க படை வந்தா, நம்மூர் வாசகனுக்குப் பயம் வர்றதுக்கு முன்னாடி கை தானாக் கூப்பிக்கிரும்.

யாளிப்பிரியை | ஞாயிறு, பகல் 1:25

கும்பிடுற கை பத்தி அண்ணன் சொன்னது நல்லாருக்கு. நான் கல்லுல இருந்து வர்றேன்.

புதுமண்டபத்துக்குள்ள தையல் மிஷின் கடகடன்னு ஓடின காலத்துலயே நான் ஒரு நோட்டை வெச்சுக்கிட்டு அங்க தூணுக்கு அடியில உட்கார்ந்து வரைவேன். 1630-கள்ல திருமலை நாயக்கர் கட்டினது. முகப்புத் தூண்ல முன்னங்கால் ரெண்டையும் தூக்கிப் பாயுற குதிரைகளும் யாளிகளும் இருக்கு, மேல வீரன். வரைஞ்சு பாத்தாத்தான் சிற்பியோட தந்திரம் புரியும். பாயுற மிருகத்து மேல ஆள வெச்சா ஆளு பின்னாடி சரியணும். சிற்பி சரிய விடல, மிருகத்தோட கழுத்தும் வீரனோட முதுகும் ஒரே கோட்டுல போகும். தூரத்துல பாத்தா ரெண்டு உடம்பு ஒரே உயிரு. டாக்டர் சார் கேட்ட சேணம், முதுகெலும்பு எதுவும் அந்த இடத்துல ஞாபகத்துக்கு வராது.

இன்னொரு விஷயம். சித்திரைத் திருவிழாவுல ரெண்டாம் நாள் சுவாமி பூத வாகனத்துல வருவார், ஏழாம் நாள் யாளி வாகனம் வரும். நம்மூர்ல பூதம் எது மேலயும் ஏறி வராது, பூதத்து மேலதான் ஏறி வருவாங்க. சின்னப் பிள்ளையில மாசி வீதியில அப்பா தோள் மேல உட்கார்ந்து அந்தப் பூதத்தோட முழியப் பாத்து அழுதிருக்கேன். அதுக்கு மேல சாமி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவே இல்ல.

செல்லூர்க்காரன் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை: நாகமலையே ஒரு காலத்துல மதுரைய அழிக்க ஏவிவிட்ட பாம்பு, கல்லாப் போனதுன்னுதான் புராணம். ஆனைமலையும் பசுமலையும் அப்படித்தான். ஊரச் சுத்தி நிக்கிறதெல்லாம் ஏற்கெனவே வந்து தோத்த பெரிய மிருகங்க. அது மேல உங்க 600 கிலோ ஓநாய் வந்து நின்னா எலிக்குஞ்சு மாதிரி இருக்கும்.

செல்லூர்க்காரன் | ஞாயிறு, பகல் 2:10

அப்ப ஓநாயத் தூக்கிறவா? நூத்திப் பத்துப் பக்கம் எழுதியாச்சு அக்கா.

தாயக்கட்டை | ஞாயிறு, மாலை 4:48

தூக்காதீங்க, அவசரப்படாதீங்க. நேத்து ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. கோப்ளினுக்கும் ஓர்க்குக்கும் முன்னாடியே ஓநாய் மேல ஏறினது ஒரு பொம்பளை.

ஐஸ்லாந்துல பதிமூணாம் நூற்றாண்டுல எழுதிவெச்ச கதை. பால்டர்ங்கிற தேவன் செத்துப் போறான். அவன் உடம்ப வெச்சுக் கொளுத்துறதுக்கு அவன் கப்பல கடல்ல தள்ளணும், எந்த தேவனாலயும் அசைக்க முடியல. ஆளனுப்பி ராட்சசி ஒருத்தியக் கூட்டி வர்றாங்க, பேரு ஹிர்ரோக்கின். ஓநாய் மேல வர்றா, கடிவாளம் உசுரோட இருக்கிற பாம்பு. இறங்கிக் கப்பல ஒரே தள்ளு, அடியில வெச்ச உருளைகள்ல தீப்பொறி பறக்குது. அதுக்குள்ள அந்த ஓநாயப் பிடிச்சுக்கிட்டு நிக்க நாலு வெறிவீரர்கள நிறுத்தினாங்க. நாலு பேராலயும் முடியல, கடைசியில அதக் கீழ தள்ளி அமுக்கித்தான் பிடிக்க முடிஞ்சது.

எனக்குப் பிடிச்சது அந்தக் கடைசி இடம்தான். ஏறி வந்தவ இறங்கிட்டா, ஆனா வாகனம் அடங்கல. அவ வந்தது போருக்கும் இல்ல, ஒரு சாவு வீட்டுக்கு. தம்பி, உங்க படை மதுரைக்கு எதுக்கு வருது? அதச் சொல்லவே இல்லையே.

ஜிகர்தண்டா | ஞாயிறு, மாலை 5:01

துஷ்டி கேட்க ஓநாய்ல வந்த ஒரே ஆளு.

பனங்காட்டு நரி | ஞாயிறு, இரவு 9:33

தாயக்கட்டை அண்ணன் கேட்ட கேள்விதான் திருப்பிப் போட்டுச்சு. வாகனம் அடங்கல. இதப் படிச்சிட்டு சைக்கிள்ல டவுன்ஹால் ரோடு வரைக்கும் போயிட்டு வந்தேன், அப்பத்தான் உறைச்சது. ஐஸ்லாந்துக்கு எதுக்குப் போகணும்? நாய் சாதி மிருகத்து மேல பூதப்படை ஏறி மதுரைக்குள்ள வந்த கதை நம்மகிட்டயே இருக்கே! திருவிளையாடல் புராணத்துல அம்பத்தொன்பது, அறுபது, ரெண்டு படலம்.

எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், ஆனா இந்தக் கண்ணோட ஒருக்கா பாருங்க. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்த அவரோட மந்திரி வாதவூரர், நம்ம மாணிக்கவாசகர்தான், பெருந்துறையில கோயிலுக்குச் செலவு பண்ணிட்டார். ஆவணி மூலத்துக்குக் குதிரை வரும்னு சொல்லியாச்சு, குதிரை இல்ல. சிவபெருமான் காட்டுல இருந்த நரிகளக் குதிரையாக்குறார். அது மேல ஏறி வந்தது யாரு? சிவகணங்கள், குதிரைச் சேவகர் வேசத்துல. பூதகணம் நரி மேல ஏறி வருது சார்! ஊரே தெருவுல நின்னு வேடிக்கை பாக்குது. ராஜா ஒவ்வொரு குதிரையா நடை பாத்து, சுழி பாத்து மெச்சுறார். கயிறு மாத்திக் கொடுக்கிறாங்க. லாயத்துல கட்டியாச்சு.

ராத்திரி எல்லாம் திரும்ப நரியாகுது. லாயத்துல ஏற்கெனவே இருந்த நெசக் குதிரைகளக் கடிச்சுக் குதறிட்டு, ஊளை விட்டுக்கிட்டு ஊருக்குள்ள ஓடுது.

நாகமலையில பந்தத்தோட வர்ற படைய மதுரைக்காரன் கோட்டைக்கதவைச் சாத்தித் தடுத்துருவான். இந்தப் படைய அவனே கதவத் திறந்து, காசு கொடுத்து, தண்ணி காட்டி உள்ள கட்டினான். பரிக்கும் நரிக்கும் ஒரே ஒரு எழுத்துதான வித்தியாசம்.

திருவாதவூர்ப் பேரன் | ஞாயிறு, இரவு 10:15

இழையை முதலிலிருந்து வாசித்து வருகிறேன், இதுவரை ரசித்தேன். ஆனால் சுவாமியின் திருவிளையாடலை அரக்கர் படைக் கதையோடு கொண்டுபோய் முடிச்சுப் போடுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. எங்கள் ஊர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். ஆவணியில் மீனாட்சியம்மன் கோயிலில் நரியைப் பரியாக்கிய லீலை நடக்கும்போது நாங்கள் அதைப் பயங்கரக் கதையாகப் பார்ப்பதில்லை. அடியாருக்காக ஆண்டவன் குதிரைக்காரனாக வந்த கருணை அது. பெருந்துறைப் பெருமானை 'நரியைக் குதிரைப்பரி ஆக்கி' என்று திருவாசகம் பாடுவது அந்த நன்றியில்தான்.

பனங்காட்டு நரி | ஞாயிறு, இரவு 10:28

ஐயா, சாமியக் கொறச்சுச் சொல்லல. கருணைதான். ஆனா அந்தக் கருணைக்கு லாயத்துக் குதிரைக ஒரு விலை கொடுத்துச்சில்ல? அதுகளப் பத்தி யாரும் பாடலையேன்னுதான் எனக்கு.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 10:31

இருவரும் மரியாதையாகவே பேசுகிறீர்கள், அப்படியே தொடரட்டும். அரசியல் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

திருவாதவூர்ப் பேரன் | ஞாயிறு, இரவு 11:05

லாயத்துக் குதிரைகள் என்றதும் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்த நரி, குதிரை விஷயம் அப்பர் பெருமான் திருவாரூரில் பாடிய தேவாரத்திலேயே வருகிறது, 'நரியைக் குதிரை செய்வானும்' என்று. அதை வைத்து மாணிக்கவாசகர் காலம் எது என்று அறிஞர்கள் வெகுகாலமாக வாதாடுகிறார்கள். அப்பர் அடுத்த அடியையும் உடனே சொல்கிறார்: 'நரகரைத் தேவு செய்வானும்'. நரகத்தில் கிடப்பவனையும் தேவனாக்குவான் என்று. தம்பி எழுதும் அரக்கர்களுக்கு அந்த வழியும் திறந்திருக்கட்டும்.

மாட்டுடாக்டர் | திங்கள், காலை 5:50

ராத்திரி ஒரு கன்னு ஈனுற கேஸ், இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அந்த லாயம்தான் மனசுல.

மொதல்ல, நரி எட்டுப் பத்துக் கிலோதான், எடைக் கணக்கு இன்னும் மோசமாகுது. ஆனா அதுதான் இந்தக் கதையில அழகு. உருவத்த மாத்தலாம், பழக்கத்த மாத்த முடியுமா? குதிரை பெரும்பாலும் நின்னுக்கிட்டேதான் தூங்கும். நரி சுருண்டு படுத்து வால மூக்கு மேல போட்டுக்கிரும். கொள்ளு வெச்சா குதிரை மூக்க விட்டுத் துழாவும், நரிக்குக் கொள்ளு எதுக்கு? குதிரைக்குக் கண்ணு தலையோட ரெண்டு பக்கத்துல, நரிக்கு முன்னாடி. வேட்டையாடுறதுக்கும் வேட்டையாடப்படுறதுக்கும் உள்ள வித்தியாசம் அது. பக்கத்துல கட்டியிருக்கிற பழைய குதிரை இதெல்லாம் வாசத்துலயே கண்டுபிடிச்சிரும். மனுசனுக்குத்தான் கடைசியாத் தெரியும்.

கிடையாட்டுக்காரன் | திங்கள், காலை 7:12

கயிறு மாத்துறதுன்னு சொன்னாரே, அது இன்னிக்கும் உண்டு. மாட்டை விக்கிறவன் தன் கயித்தக் கழட்டிக்கிருவான். வாங்குறவன் புதுக்கயிறு போடணும். பழைய கயிறு இருக்கிற வரைக்கும் பழைய முதலாளிக்குத்தான் சொந்தம், அதோட லச்சுமியும் அவன்கிட்டத்தான்.

யாளிப்பிரியை | திங்கள், காலை 10:20

பேரு விஷயம் அப்படியே நிக்கிது, அதுக்கு வர்றேன். நான் முதல்ல 'பேய்'னு வைக்கச் சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் கலிங்கத்துப் பரணி ஞாபகம் வந்துச்சு. அதுல பேய்கள் போர் செய்யாது. போர் முடிஞ்ச பிறகுதான் களத்துக்கு வரும், கூழ் காய்ச்சும், பந்தி உட்காரும். வடக்க பழைய ஆங்கிலப் பாட்டுலயும் ஓநாய் அப்படித்தான், காக்கா, கழுகோட சேர்ந்து படைக்குப் பின்னாடியே போகும், பிணத்துக்காக. ரெண்டு ஊர்லயும் அதுக சண்டைக்கு வர்றதில்ல, சாப்பாட்டுக்குத்தான் வரும்.

அதனால வீரத்தனமான பேரு எதுவும் ஒட்டாது. பேரே வைக்காதீங்க. லாயத்துல வேலை பாக்கிற ஆளு குதிரையப் 'புதுசு'ம்பான், ஏறி வந்தவங்கள 'கூட வந்தவுக'ம்பான். அது போதும்.

செல்லூர்க்காரன் | புதன், இரவு 1:17

மூணு நாளாச் சத்தமே இல்லன்னு யாரும் திட்டாதீங்க. ஒன்பதாவது அத்தியாயத்தத் தூக்கிக் கடாசிட்டுத் திரும்ப எழுதினேன். ஓநாய் இல்ல, நாகமலை இல்ல, பந்தம் இல்ல. சாமி கதையையும் தொடல ஐயா, இது வேற ராஜா, வேற ஊரு, வேற லாயம். ஒரு துண்டு போடுறேன்.

கயிறு மாற்றி முடிந்ததும் கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கும்போது ஒவ்வொருவரும் தன் குதிரையின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்கள். எல்லாரும் ஒன்றே போல, ஒரே அளவு நேரம். லாயக்காரக் கிழவன் கடைசி ஆளிடம் கேட்டான்.

"என்னய்யா சொல்றீங்க காதுல?"

"பசிச்சா பாத்துக்கன்னு சொன்னேன்."

சிரித்தபோது கீழ்ப்பல் இரண்டு உதட்டுக்கு வெளியே ஏறி நின்றன. கிழவன் வெற்றிலைக் கறை என்று நினைத்துக்கொண்டான். அவர்கள் கூலி வாங்க நிற்கவில்லை. கழற்றிய பழைய கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் கோட்டை வாசலுக்கு வெளியே போய், திண்ணையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.

இரண்டாம் சாமத்தில் கிழவன் விளக்கோடு வந்தான். புதுசுகளின் தொட்டியில் கொள்ளு வைத்தது வைத்தபடி இருந்தது. கைவிட்டுப் பார்த்தான், மேல் அடுக்குகூடக் கலையவில்லை. அவை நின்று தூங்கவில்லை. நூறும் வைக்கோலில் சுருண்டு, வாலை மூக்கின் மேல் போட்டுப் படுத்துக் கிடந்தன. எதிர் வரிசையில் பழைய குதிரைகள் கட்டின கயிறு இறுகும் மட்டும் பின்னால் போய், சுவரோடு சுவராக நின்றன. ஒன்றின் தொடை மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. ஒரு சத்தம் இல்லை.

விளக்கைத் தூக்கினான். படுத்திருந்தவற்றில் ஒன்று கண் திறந்தது. குதிரை பக்கவாட்டில் பார்க்கும். இது நேராகப் பார்த்தது.

கிழவன் கயிற்றைச் சரிபார்க்கக் குனிந்தான். முடிச்சு அவிழவில்லை. அவன் போட்ட முடிச்சு, போட்டபடி இறுகி இருந்தது. அதற்குள் இருந்த கழுத்துதான் சிறிதாகிக்கொண்டிருந்தது.

மாட்டுடாக்டர் | புதன், காலை 6:20

அந்தத் தொடை துடிக்கிறது சரியான இடம். நெசமாவே அப்படித்தான் துடிக்கும்.

தாயக்கட்டை | புதன், காலை 7:45

திண்ணையில உட்கார வெச்சீங்க பாருங்க. இந்த ஞாயித்துக்கிழமை எங்க மாடியில இதுதான், உங்க அனுமதியோட. ஆமா, மருமகன்கிட்ட வாசிச்சாச்சா?

செல்லூர்க்காரன் | புதன், காலை 9:10

வாசிச்சேன்ணே. ஒண்ணும் சொல்லல. கல்லை எடுத்தா ஓடிரும்னும் சொல்லல. ராத்திரி அவன அக்கா வீட்டுல விடப் போறப்ப வழியில கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுற வெள்ளைக் குதிரை ஒண்ணு கட்டியிருக்கும். எப்பவும் வண்டிய நிறுத்தச் சொல்லித் தடவிக் கொடுப்பான். நேத்து, "அந்தத் தெரு வேண்டாம் மாமா, சுத்திப் போவோம்"னுட்டான்.

கிடையாட்டுக்காரன் | புதன், காலை 9:55

எல்லாம் சரி தம்பி. கோட்டை லாயம்னா காவலுக்கு ஒரு நாயாச்சும் கிடக்குமே. அது எங்க?

செல்லூர்க்காரன் | புதன், காலை 10:02

அய்யோ, நாயை மறந்தே போயிட்டேண்ணே. இன்னிக்கு ராத்திரி கிழவன் கட்டிலுக்கு அடியில கொண்டாந்து விடுறேன்.